ஸ்ரீராம்புரத்தில் நான் விற்ற மரங்கள்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விளம்பர நிறுவனம் மறுபடியும் ஆட்களை வீடு வீடாக அனுப்பப் போகிறதாம். செல்போனில் வரும் விளம்பரத்தை யாரும் பார்ப்பதில்லை, வந்த வேகத்தில் விரலால் தள்ளிவிடுகிறார்கள், அதனால் பழைய முறைக்கே திரும்பலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அங்கே மேலாளராக இருக்கும் இளைஞர் லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையானவர். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்.

"தெரியாத வீட்டுல போய் எப்படி நம்பிக்கை வாங்கினீங்க மேடம்? அதை மட்டும் எழுதுங்க, போதும்," என்றார்.

எழுதியிருக்கிறேன். அவர் இதை அந்தப் பெண்களிடம் கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பெயர் வசந்தா. தாத்தா காலத்திலேயே குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். அப்பா அரசாங்க ஜீப் ஓட்டினார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், பக்கத்து வீடுகளில் உருது. இந்த மூன்றும் வாயில் வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டபோது பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போனேன். எங்கள் நிறுவனம் எதையும் தயாரிப்பதில்லை. மற்ற கம்பெனிகளின் சரக்கை ஏற்றுக்கொண்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும். மழைக்கும் குளிருக்கும் சளித் தைலம். வெயில் தொடங்கினால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் எலுமிச்சைப் பொடி, நன்னாரிப் பொடி. இடைப்பட்ட மாதங்களில் எது வருகிறதோ அது.

பயிற்சி என்று ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். அதில் கற்றது ஒன்றும் நினைவில் இல்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் மூர்த்தி சார். கன்னடக்காரர். எங்களோடு பேசுவதற்காகத் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். அரைக்கை வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை. நாங்கள் தெருவுக்குள் போகும்போது அவர் முனையில் நிற்பார். எந்த வீட்டு வாசலுக்கும் வர மாட்டார். எங்களில் சின்னப் பெண்ணைக்கூட "அம்மா" என்றுதான் அழைப்பார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. யாராவது தவறு செய்துவிட்டால் மறுநாள் அவளுக்கு ஊரிலேயே சுலபமான தெருவைக் கொடுப்பார். அது எல்லோருக்கும் தெரியும். திட்டு வாங்கியிருக்கலாமே என்று இருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். மணி அடிக்கக் கூடாது. விரல் முட்டியால் மெல்லத் தட்டிவிட்டு நன்றாகப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். திறக்கிற பெண் நம்மை முழுசாகப் பார்க்க வேண்டும், முக்கியமாக இரண்டு கைகளையும் பார்க்க வேண்டும். உள்ளே கூப்பிடாவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வீட்டைப் புகழக் கூடாது. குழந்தையையும் புகழக் கூடாது. வெயில் காலத்தில் சரக்கைப் பற்றிப் பேசாமல் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்தவள், நாம் குடித்து முடிக்கும்வரை போ என்று சொல்ல மாட்டாள். பாதி குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டு அதில் பொடியைக் கலக்கி அந்த வீட்டின் மூத்த பிள்ளையிடம் நீட்ட வேண்டும். மழைக் காலத்தில் தைலத்தை நாம் குழந்தையின் மேல் தடவக் கூடாது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தாயின் கையில் வைத்து, அவளையே தடவச் சொல்ல வேண்டும். குழந்தை தூங்குவது தாயின் கைச்சூட்டில்தான், பேர் மட்டும் நம்முடைய டப்பாவுக்கு என்று மூர்த்தி சார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எல்லாத் தெருவிலும் ஒரு "தொட்ட மனெ" இருக்கும் என்பது அவர் கணக்கு. கன்னடத்தில் பெரிய வீடு என்று அர்த்தம். அவர் சொன்னது அளவில் பெரிய வீட்டை அல்ல. யாருடைய பேச்சைத் தெரு கேட்கிறதோ அந்த வீட்டை. அந்த ஒரு கதவு திறந்துவிட்டால் மற்ற கதவுகள் தானே திறந்துவிடும்.

சாயங்காலம் எல்லோரும் கூடும்போது எவ்வளவு விற்றது என்று அவர் கேட்க மாட்டார். அதைக் கணக்குப் பார்க்க வேறு ஆள் உண்டு. அவர் கேட்பது ஒரே கேள்வி. இன்றைக்கு எந்த வீட்டில் என்ன கஷ்டம்? நாங்கள் சொல்லச் சொல்லத் தலையை அசைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். புருஷன் குடிக்கிற வீடு, வாடகை பாக்கி உள்ள வீடு, பெண்ணுக்கு வரன் அமையாத வீடு. இவ்வளவு இரக்கம் உள்ள மனிதரிடம் வேலை பார்க்கிறோமே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். வீட்டில் கணவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரீராம்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் என்னுடைய தொட்ட மனெ பாக்கியத்தின் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. பாக்கியம் தெரு கூட்டும் வேலை பார்த்தாள். அவள் கணவர் பெயின்டர். இரண்டு பெண் குழந்தைகள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். குழாயடியில் யார் முன்னே யார் பின்னே என்பதை அவள்தான் முடிவு செய்வாள். ரேஷன் ஆபீஸில் போய்ச் சண்டை போட வேண்டுமென்றால் சந்துக்காரர்கள் அவளைத்தான் அழைத்துக்கொண்டு போவார்கள். எதிர் வீட்டு சரோஜாவும் அவளும் சாயங்காலம் வாசலில் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்த வழியாகப் போகிறவர்கள் இருவருடைய காலையும் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு மழைக் காலத்தில் தைலம் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பாக்கியத்தின் மூத்த பெண் செல்விக்கு இருமல். ஐந்தாறு வயது இருக்கும். பாக்கியம் என்னைப் பார்த்ததும் தைலத்துக்காகக் கையை நீட்டினாள். நான் குழந்தையைப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே போய் வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. டப்பாவை மூடினேன். இது தைலத்துக்கு அடங்காது பாக்கியம், கிளம்பு என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோ பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சு சீராகும்வரை அங்கேயே இருந்தேன். அன்றைக்கு ஒரு டப்பாகூட விற்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் மூர்த்தி சாரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வெரி குட் அம்மா. இனி அந்த சந்து உங்களது," என்றார்.

அந்த வார்த்தையைப் பல நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை அவர் என்னவாக எடுத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் தேக்கு வந்தது. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டிருப்பதாகச் சொன்ன ஒரு கம்பெனி. மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு மரம். கம்பெனியே தண்ணீர் ஊற்றி வளர்க்கும். பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வரும்போது மரத்தை வெட்டி விற்றுப் பணத்தைக் கொடுக்கும். ஜனங்கள் இதற்கு மரச் சீட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்த நாளில் ஊரெல்லாம் இந்தப் பேச்சாக இருந்தது. படித்தவர்களும் கட்டினார்கள்.

மூர்த்தி சார் எங்களை மாடி ஹாலில் உட்கார வைத்தார். முதல் முறையாக டீயோடு பிஸ்கட்டும் வந்தது. அவர் எழுந்து நின்று, கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல், ஒவ்வொருத்தியைப் பார்த்தும் அவள் போக வேண்டிய வீடுகளைச் சொன்னார். இந்த வீட்டில் வாடகை பாக்கி இருந்தது, இப்போது தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. என்னிடம், "ஸ்ரீராம்புரம், பாக்கியம். எரடு ஹெண் மக்களு," என்றார். இரண்டும் பெண் பிள்ளைகள். இத்தனை வருஷம் சாயங்காலங்களில் அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் எதற்கு என்பது அந்த ஹாலிலேயே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. என்ன ஞாபக சக்தி என்று வியந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் அந்தத் திட்டத்தை நம்பினேன். விவேக் நகரில் இருந்த என் அக்கா சகுந்தலாவையும் சேர்த்துவிட்டேன். பாக்கியம் உடனே சேரவில்லை. மரம் எங்கே இருக்கிறது, யார் காவல், காய்ந்துபோனால் என்ன செய்வார்கள் என்று எல்லாம் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்தவரை சொன்னேன். கடைசியில், "நீ சொல்றன்னா சரிக்கா. என் புள்ளைய காப்பாத்தினவ பொய்யா சொல்லப் போற," என்றாள். செல்வியின் பெயரில் மரம் எழுதினோம். அதன் பிறகு அந்தச் சந்தில் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. சரோஜா சேர்ந்தாள். சரோஜாவைப் பார்த்து அவளுடைய நாத்தனார். கிட்டத்தட்டப் பாதிச் சந்து சேர்ந்தது.

பணம் கட்டுகிறவர்களுக்கு மரத்தைக் காட்ட வேண்டும் என்று கம்பெனி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் விட்டது. ஸ்ரீராம்புரத்துக்காரர்களின் முறை வந்தபோது ஏற்பாடுகளைப் பார்க்க என்னைக் காலையிலேயே ஜீப்பில் முன்னால் அனுப்பினார்கள். தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் கல்லும் முள்ளுமான பூமி. தார் ரோட்டை ஒட்டி நல்ல தேக்கு ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரிசை. பச்சையாக, நேராக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் பெயர் எழுதின தகரம் கம்பியில் தொங்கியது.

காவல்காரர் கெம்பண்ணா என்று ஒரு வயதானவர். குறட்டினால் அந்தத் தகரங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டேன். இது போன வாரம் வந்தவர்களுடையது என்றார். அப்படியென்றால் அவர்களுடைய மரம் எங்கே என்றேன். எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் முகவாயால் பின்பக்கத்தைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். அந்த நாலு வரிசைக்குப் பின்னால் மரம் இல்லை. சரிவு முழுவதும் உண்ணிச் செடிப் புதர், பாறை. முழங்கால் உயரத்துக்குச் சில கன்றுகள் காய்ந்து குச்சியாக நின்றன. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான் அந்தத் தோட்டம்.

நான் திரும்பி வந்தபோது கெம்பண்ணா புதிய தகரங்கள் இருந்த பையை என்னிடம் நீட்டினார். அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. பஸ் வரும் நேரமாகிவிட்டது. நான் பையை வாங்கினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் கையாலேயே கட்டினேன். செல்வி என்று எழுதியிருந்த தகரத்தை, இருந்ததிலேயே பருமனான மரமாகப் பார்த்துக் கட்டினேன். அப்படி ஒரு கரிசனம் எனக்கு.

பஸ் வந்தது. புளிசாதமும் தண்ணீர் பாட்டிலுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். தங்கள் பெயரைத் தேடி வரிசைக்குள் ஓடினார்கள். பாக்கியம் பூஜைக்குப் போவது போலப் பட்டுப் புடவை கட்டி வந்திருந்தாள். மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாட்டிலில் இருந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள். செல்வி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாக்கியம் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதேக்கா. அடுத்த வருசம் வந்தா நம்ம மரத்த எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"தகரம் இருக்குதில்ல," என்றேன்.

அந்த நாலு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். இல்லை, மூன்றுகூட இல்லை. எண்ணிப் பார்த்தால் இரண்டுதான்.

மறுநாள் மூர்த்தி சாரிடம் போனேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. குடையை மேஜைமேல் வைத்தார். பிறகு, "இன்னைக்கு இல்லாததை நாளைக்கு நட்டாலும் நடுவாங்க அம்மா. நம்ம வேலை கதவு வரைக்கும்தான். அதுக்கு அப்புறம் கம்பெனி," என்றார்.

நான் அந்த வாரமே அக்கா சகுந்தலாவின் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேள் என்றேன். சாதாரணமாக அப்படிக் கேட்பவர்களை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். அக்காவோடு நான் மூர்த்தி சார் முன்னால் போய் நின்றபோது அவர் என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டு காபி வரவழைத்தார். பணத்துக்கு அன்றைக்கே ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று மற்றவர்களிடம் கேட்பார், என்னிடம் மட்டும் கேட்க மாட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமலே ஒன்று பேசி முடிந்திருந்தது.

பாக்கியத்திடம் ஏன் சொல்லவில்லை? இதற்குப் பல வருஷங்கள் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவளிடம் சொன்னால் சந்துக்கே தெரியும், வேலை போகும், கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தச் சந்துக்குள் நான் நுழைந்தால் குழந்தைகள் "வசந்தா ஆன்ட்டி" என்று ஓடி வரும். சரோஜா முறத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். அந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. மாதாமாதம் போய் வசூல் செய்தேன். நான் மழையில் நனைந்து வருவதைப் பார்த்துவிட்டு, நீ வராதக்கா, நானே எல்லார்கிட்டயும் வாங்கி வைக்கிறேன் என்றாள் பாக்கியம். அதற்கும் சரி என்றேன். அப்படித்தான் சந்துக்காரர்கள் பணத்தைக் கொடுத்தது என் கையில் என்பது போய் அவள் கையில் என்றாயிற்று.

ஒருநாள் கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பேப்பரில் கூட்டத்தின் படம் வந்தது. எங்கள் நிறுவனம், நாங்கள் விளம்பரம் மட்டுமே செய்தோம் என்று கைகழுவியது. நான் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். துணைக்கு அக்கா வந்திருந்தாள்.

நாலைந்து நாள் கழித்துப் பாக்கியம் லிங்கராஜபுரத்துக்கு என்னைத் தேடி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் பேக்கரி பன் ஒரு பாக்கெட் இருந்தது. யாராவது உன்னை அடிச்சுட்டாங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா என்று சொல்லி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சந்தில் தன்னை எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள் என்றும், சரோஜாவின் நாத்தனார் மண்ணை வாரித் தூற்றினாள் என்றும், அது பரவாயில்லை, வெறும் வாய்தானே என்றும் சொன்னாள். உன் கதி என்ன, உன் பணமும் போச்சா என்று கேட்டாள்.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. பாக்கியமும் என்னைப் போல ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டாள். காபியைக் கொண்டுவந்து கொடுத்தபடியே, நல்லவேளை, வசந்தா அன்னைக்கே சொன்னா, நான் தப்பிச்சேன் என்றாள்.

பாக்கியம் தம்ளரைக் கீழே வைத்தாள். "என்னைக்கு சொன்னாங்கம்மா?"

"பஸ்ல மரம் பாக்கப் போனாங்களே, அந்த வாரம்தான்."

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. யோசித்து யோசித்துப் பேசினாள். "அப்போ நான் குங்குமம் வெச்சப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றேன்.

அவள் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தெருவில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அதைக் காலில் போட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீசில் புகார் கொடுத்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் பாக்கியம், நடுவில் சந்துக்காரர்கள். இன்ஸ்பெக்டர் உங்களைச் சேர்த்துவிட்டது யார் என்று கேட்டதும் சரோஜா என்னைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அப்போது பாக்கியம், அவங்களும் ஏமாந்தவங்கதான் சார், சொந்த அக்காவையே சேர்த்துவிட்டிருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்றாள். அவர் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

வெளியே கேட் அருகில் அவளுக்காகக் காத்து நின்றேன். அவள் நிற்காமலே சொன்னாள். "அன்னைக்கு என் பொண்ணத் தூக்கினு ஓடினதுக்கு இது. முடிஞ்சு போச்சு. இனிமே எங்க சந்துக்கு வராத."

பணம் யாருக்கும் திரும்பவில்லை. வழக்கு எங்கெங்கோ போய்த் தேய்ந்தது. அந்தச் சந்தில் பாக்கியத்தை மரக்காரி என்று கூப்பிடுகிறார்கள் என்று பிறகு அந்தப் பகுதிக்குப் போன எங்கள் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் வேலையை விட்டேனா என்றால், இல்லை. வெயிலுக்குப் பொடி, மழைக்குத் தைலம் என்று ஓய்வு பெறும்வரை அதே நிறுவனத்தில்தான் இருந்தேன். மூர்த்தி சாருக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது மாலை போட்டவள் நான்தான். பிறகு அவர் இடத்துக்கு வந்தேன். தட்டிவிட்டுத் தள்ளி நில், கைகளைக் காட்டு, தண்ணீர் கேள் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அந்தக் கேள்வியை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் நான் செய்த திருத்தம் அது ஒன்றுதான். சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

அந்த இளம் மேலாளர் வந்துபோன பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. நம்பிக்கை என்ற சொல்லை அவர் எத்தனை முறை சொன்னார். பாக்கியத்தின் மேல் விழுந்த பழியையாவது துடைத்துவிட்டுப் போவோம், நமக்கும் வயதாகிறது என்று நினைத்தேன். அவள் வராதே என்று சொன்ன சந்துக்கு ஒரு சாயங்காலம் போனேன்.

பாதி வீடுகள் மாடி எழுப்பியிருந்தன. ரயிலுக்குப் பக்கத்தில் மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் பாக்கியமும் சரோஜாவும் இன்னும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகளில். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. கீரையை நடுவில் வைத்து இருவரும் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சரோஜாதான் முதலில் என்னை அடையாளம் கண்டாள். ஆச்சரியமாக, சந்தோஷப்பட்டாள். உள்ளே போய் எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்தாள். பாவம், இவங்களும் நம்மள மாதிரி ஏமாந்தவங்க, அத்தோட முகத்தைக் காட்டவே இல்லையே என்று அங்கே நின்ற தன் மருமகளிடம் சொன்னாள். பாக்கியம் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் ஸ்டேஷனில் சொன்ன வார்த்தையை இத்தனை வருஷமும் சந்துக்குள்ளும் காப்பாற்றி வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். நான் ஏமாறவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் உங்களிடம் வசூல் செய்தேன், என் அக்காவின் பணத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொடுத்துவிட்டேன். பாக்கியத்தின் மேல் ஒரு தப்பும் கிடையாது. போலீசில்கூட அவள்தான் என்னைக் காப்பாற்றினாள்.

சரோஜா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மெல்லப் பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டேஷன்ல உக்காந்திருந்தப்போ உனக்குத் தெரியுமா?"

பாக்கியம் கையிலிருந்த கீரைத் தண்டைக் கீழே போட்டாள்.

"தெரிஞ்சும் வாய மூடினு இருந்தியா? இவங்க பேர எழுதியிருந்தா அவங்க ஆபீசையே புடிச்சிருக்கலாமே. இவங்க அக்காவுக்கு வந்த மாதிரி நமக்கும் வந்திருக்குமே. என் பொண்ணு கீதா கல்யாணத்துக்கு நான் எங்கெங்க போய் நின்னேன், நீ பாத்துனுதானே இருந்த."

"எனக்குத் தெரியும் சரோஜா," என்றாள் பாக்கியம். அவ்வளவுதான் சொன்னாள்.

சரோஜா தன் மடியில் இருந்த கீரையைத் தட்டில் கொட்டினாள். எழுந்து நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மருமகளும் போனாள். சந்தில் நாங்கள் இருவர்தான்.

பாக்கியம் என்னிடம் கேட்டாள். முன்பு போல அக்கா என்றோ நீ என்றோ சொல்லவில்லை. "எதுக்கு வந்தீங்க?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றேன்.

"உங்களுக்குப் பாரம் இறங்கிடுச்சு இல்ல?"

இறங்கித்தான் இருந்தது. சொல்லி முடித்த அந்தக் கொஞ்ச நேரம், சரோஜா திரும்பிப் பார்ப்பதற்கு முன், எனக்கு உடம்பே லேசாக இருந்தது. அதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன தேவை என்றாலும் போனில் கூப்பிடு என்று உளறி என் செல் நம்பரைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. செல்வி பேசினாள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாளாம். இரண்டு பிள்ளைகள். குரல் மரியாதையாக, நிதானமாக இருந்தது. அம்மாவும் சரோஜா அத்தையும் அன்றிலிருந்து பேசுவதில்லை என்றாள். அம்மா சாயங்காலம் வாசலுக்கே வருவதில்லை. நான் மறுபடி வந்து சரோஜாவிடம் சமாதானம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி. தயவுசெஞ்சு இனிமே வராதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

வர மாட்டேன் என்றேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி," என்று சொல்லிப் போனை வைத்தாள்.